வீசம் குறைவு

பாலத்தை மூடிவிட்டார்கள் என்றான் பிரேபென்.
தொலைபேசிக்குள் காற்று
அவனைவிடச் சத்தமாகப் பேசியது.
விமான நிலையம் தாண்டி, சுரங்க வாய்க்கு முன்னால்
நாற்பது லாரிகளுக்குப் பின்னால் நிற்கிறானாம்.
வண்டியின் பின்பெட்டியில்
பட்டை போட்டுக் கட்டிய ஈயக் கலம்.
அதற்குள், விடியுமுன் கோபன்ஹேகனில் பிறந்த அஸ்டடைன்.

ஏழேகால் மணி, அதிலும் கொஞ்சம் குறைய.
அதற்குள் பாதி இல்லாமல் போகும்.
மீதியில் பாதி அடுத்த ஏழேகாலில்.
அரை, கால், அரைக்கால், வீசம் என்று
இறங்கிக்கொண்டே போகிற படிக்கட்டு.
தரை மட்டும் வருவதில்லை.

கோத்தன்பர்க் மருத்துவமனையின் நிலவறையில்
கையுறை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.
எதிர்ப்பொருள் தயார்.
அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி:
சினைப்பையில் தொடங்கி வயிற்றுச் சவ்வெங்கும்
கடுகு கடுகாய் ஒட்டிக்கொண்ட செல்களின் கதவு.
தட்டத் தெரியும். உடைக்கத் தெரியாது.
உடைக்கிறவன் லாரிகளுக்குப் பின்னால் நிற்கிறான்.

அவனுக்கோ கண் கிடையாது.
மயிரிழையின் தடிமனைத் தாண்டமாட்டான்.
ஒரு காகிதம் நீட்டினால் நின்றுவிடுவான்.
ஆனால் அந்த நாலைந்து செல் தூரத்துக்குள்
மரபிழையின் இரண்டு புரிகளையும்
ஒரே வீச்சில் அறுப்பான்,
முடிச்சுப் போட முனை அகப்படாதபடி.

மூன்றாம் மாடியில் இங்கெயெர்ட், அறுபத்துமூன்று வயது.
தீவுகளுக்குப் போகும் படகுகளில்
எந்திர அறையில் இருபத்தாறு வருஷம்.
நேற்றிரவிலிருந்து பட்டினி. அடிவயிற்றில் குழாய்.
"டீசல் இன்னும் வரவில்லையா?" என்று
தாதியிடம் கேட்டனுப்புகிறாள்.
பதில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.
காற்று என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.
படகுக்காரிக்கு அது போதும்.

பத்து நாற்பதுக்குப் பாலம் திறந்தது.
மால்மோ, ஹெல்சிங்போரி, ஹால்ம்ஸ்டாட்.
திரையில் நீலப் புள்ளி வடக்கே ஊர்ந்தது.
ஒவ்வோர் ஊருக்கும் காகித ஓரத்தில்
பென்சிலால் கழித்துக்கொண்டே வந்தேன்.

கலம் வந்தது. பிரேபெனுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளீயம் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்
அஸ்டடைனை உட்காரவைப்பது என் வேலை.
வெள்ளீயம் எழுந்து இடம் கொடுக்க
ஒரு நிமிடம் போதும்.
கொடுத்தது. சண்டை இல்லை.
வடிகட்டி, சோதித்துப் பார்த்தால்
தொண்ணூற்றாறு சதவீதம் ஒட்டியிருக்கிறது.
இந்த வருஷத்தில் என் கை செய்த
மிகச் சுத்தமான வேலை.

அளவுமானியில் வைத்தேன்.
வரம்புக்கு வீசம் கீழே.

மறுபடி வைத்தேன். எண் இன்னும் இறங்கியிருந்தது.
இந்தப் பொருளை இரண்டாம் முறை அளப்பது மடத்தனம்.
பதினொரு வருஷமாய்த் தெரியும். இருந்தும் வைத்தேன்.

டாக்டர் ஹயால்மார் தலையை ஆட்டினார்.
சொல்ல நானே மாடியேறினேன். யாரும் கேட்கவில்லை,
நானாகத்தான்.

"எவ்வளவு குறை?"
"பதினாறில் ஒரு பங்கு."
"அவ்வளவு குறைந்த எண்ணெயில்
நான் புயலில் கரை சேர்ந்திருக்கிறேன்."
"எங்கள் தாளில் அப்படி எழுத இடமில்லை."
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
"குறைந்தது எங்கே போயிற்று?"
"கடைசியில் ஈயமாகிவிடும்."
"வந்த பெட்டியும் ஈயம்தானே?"
"ஆமாம்."
"சரிதான். வீடு போய்ச் சேர்ந்துவிட்டது" என்றாள்.
பிறகு காப்பி கேட்டாள்,
இலவங்கப்பட்டை ரொட்டி இரண்டு.
இரண்டையும் தின்றாள்.

இரவு பதினொன்று.
கழிவு அலமாரிக்குள் அந்தச் சிறு குப்பி.
கதவு தட்டத் தெரிந்த அத்தனை கைகளும்
கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கின்றன.
உடைக்கிறவன் தண்ணீரை அறுத்துக்கொண்டிருக்கிறான்.
மானியை அணைக்கலாம். அதை அணைக்க முடியாது.

சிற்றுண்டிச்சாலையில் இரண்டு நாற்காலி சேர்த்து
காலணியோடு தூங்குகிறான் பிரேபென்.
அவன்மேல் என் மேலங்கியைப் போட்டுவிட்டு
வானிலை பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, பாலத்தின் மேல்:
தென்மேற்கு, நொடிக்கு ஒன்பது மீட்டர்.
மாறலாம்.